துபாஷி வாய் திறக்காவிட்டால்...

பச்சையப்ப முதலியாரைத் தெரியுமா? கல்லூரியைக் கேட்கவில்லை. ஆளைக் கேட்கிறேன்.

1754-ல் பிறந்தவர். பெரியபாளையத்துக்காரர். பக்தர்கள் வேப்பிலை ஆடை கட்டிக்கொண்டு அம்மனைச் சுற்றி வருவார்களே, அதே பெரியபாளையம். அப்பா முகத்தைப் பார்க்காத பிள்ளை. வசதியில்லாத குடும்பம். நாற்பதே வயதில், 1794-ல், காலமாகிவிட்டார். ஆனால் அதற்குள் அவர் தர்மத்துக்கென்று எழுதிவைத்த சொத்திலிருந்துதான் பிற்பாடு 1842-ல் ஒரு பள்ளிக்கூடமே முளைத்தது. அவ்வளவு பணம் எப்படி வந்தது? செய்த தொழில் அப்படி. அவர் ஒரு துபாஷி.

இரண்டு பாஷை அறிந்தவர் என்று அர்த்தம். கோட்டைக்குள் இருந்த வெள்ளைக்காரனுக்குத் தமிழும் தெலுங்கும் தெரியாது. வெளியே இருந்த நெசவாளிக்கும் வியாபாரிக்கும் இங்கிலீஷ் தெரியாது. நடுவே நின்றவர் துபாஷி. அவன் கேட்டதை இவனுக்குச் சொல்வார், இவன் சொன்னதை அவனுக்குச் சொல்வார். அவர் வாய் திறக்காவிட்டால் இரண்டு பக்கமும் ஊமை. தப்பாகத் திறந்துவிட்டாலோ, கதை கந்தல். அவன் இவனைச் சந்தேகப்படுவான், இவன் அவனைச் சந்தேகப்படுவான்.

கம்பெனி போயே போச்சு. துபாஷி மட்டும் போகவில்லை. இன்றைக்குப் பல வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறார். பெயர், வைன்.

கொஞ்சம் விளக்கமாகவே பார்ப்போம். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். பத்து வருஷத்துக் கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. உள்ளே விண்டோஸ் 10. அதற்குக் கொடுத்துவந்த வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திக்கொண்டது. விண்டோஸ் 11 ஏற்றலாம் என்றால், டி.பி.எம். 2.0 என்கிற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும், கொஞ்சம் புதிய பிராசஸர் வேண்டும் என்று நிபந்தனை. பழைய பெட்டிக்கு அந்த யோகம் இல்லை. எடைக்குப் போட மனசு வரவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறான். காசு கிடையாது. பெட்டி பறக்கிறது.

அந்த வீட்டுப் பெண்ணுக்கு அடுத்த வாரம் தொழிற்பேட்டையில் ஒரு வாய்ஸ் பிராசஸ் இன்டர்வியூ. 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் வந்த ஊர் இது. அறுபதுகளில் தொழிற்பேட்டை வந்து, லேத் பட்டறைச் சத்தத்தோடு வளர்ந்த ஊர். 2000-க்குப் பிறகு அதே பேட்டைக்குள் கண்ணாடிக் கட்டடங்களும் எழும்பின. ஸ்பேனர் பிடித்தவரின் பிள்ளைகள் காதில் ஹெட்செட் மாட்டினார்கள். ஆக, பேச்சுதான் சம்பளம். உச்சரிப்புப் பயிற்சிக்கு அவளிடம் இருப்பது விண்டோஸில் மட்டும் ஓடும் ஒரு சாஃப்ட்வேர். வைன் மூலம் ஓடவிடுகிறாள். திரையில் எல்லாம் கச்சிதமாக வருகிறது. ஹெட்செட்டில்? நிசப்தம். பேசினாலும் மைக் காதில் வாங்கவில்லை.

இதில் நம் வட்டாரத்துக்கு ஒரு பழைய உறவும் உண்டு. ஆவடியைத் தாண்டி திருவள்ளூர் போகிற வழியில் காக்களூர். 2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்த நாளன்று, மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் கொடுக்கும் திட்டத்தை அன்றைய முதல்வர் ஜெயலலிதா தொடங்கிவைத்தது அங்கேதான். டெண்டர் விட்டு வாங்கிக் கொடுத்தது எல்காட். அதே எல்காட், அதற்கு நாலைந்து வருஷம் முன்பே, உமாசங்கர் ஐ.ஏ.எஸ். நிர்வாக இயக்குநராக இருந்த காலத்தில், தன் கம்ப்யூட்டர்களை லினக்ஸுக்கு மாற்றிப் பார்த்த நிறுவனம். ஆரம்பத்தில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸும் இருந்தது, பாஸ் லினக்ஸும் இருந்தது. பாஸ் என்றால் பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். சி-டாக் அமைப்பின் சென்னை மையத்தில் உருவாகி 2007-ல் வெளிவந்தது. நம்மூர்ச் சரக்கு.

ஒரே பெட்டிக்குள் இரண்டு ராஜாங்கம். இதில் நுழைந்தால் அதன் சாஃப்ட்வேர் ஓடாது. அதில் நுழைந்தால் இது தூங்கும். லினக்ஸில் இருந்துகொண்டே விண்டோஸ் சாஃப்ட்வேரைக் கூப்பிட வேண்டுமென்றால் துபாஷியைத்தான் பிடிக்க வேண்டும்.

சரி, ஹெட்செட் ஏன் ஊமையானது? உடனே வைனைத் திட்டுவதுதான் வழக்கம். அவசரப்படாதீர்கள். ஒரு விண்டோஸ் சாஃப்ட்வேரின் ஒலி உங்கள் காதுக்கு வருவதற்குள் நாலு கை மாறுகிறது. வைன், ஒலி நிர்வாகி, டிரைவர், கடைசியாக ஒயர். இந்த நாலையும் நாலு வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு தேசத்து ஆசாமிகள், வெவ்வேறு தேவைக்காகச் செய்தார்கள். யார், எப்போது, எதற்குச் செய்தார்கள் என்று தெரிந்தால் கோளாறு எந்தக் கையில் என்பதும் தெரிந்துவிடும். இந்த விஷயத்தில் சரித்திரம்தான் மெக்கானிக். கீழே இருந்து மேலே போவோம்.

முதல் கை, ஒயர்.

1882-ல் சென்னைக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் வந்தது. எர்ரபாலு செட்டி தெருவில். அந்தக் கால எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் கையால் ஒரு பிளக்கை எடுத்துப் பலகையில் உள்ள துளையில் குத்தினால்தான் இவர் அவரோடு பேச முடியும். கால் அங்குலத் தடிமன் உள்ள அந்த சுவிட்ச்போர்டு பிளக்கின் வாரிசுதான் உங்கள் ஹெட்செட் முனையில் இருக்கும் 3.5 மில்லிமீட்டர் ஜாக். டிரான்சிஸ்டர் ரேடியோ காலத்தில் இளைத்துப்போனது. தலையில் மாட்டும் ஹெட்போனை 1910-ல் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் நதானியேல் பால்ட்வின் என்பவர் தன் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து செய்து கடற்படைக்கு விற்றார்.

இந்தப் பழங்கதை எதற்கு? உங்கள் ஜாக்கை ஒருமுறை உற்றுப் பாருங்கள். உலோகத்தின் மேல் கறுப்பு வளையம் எத்தனை? இரண்டு என்றால் மூன்று துண்டு. இடது காது, வலது காது, பொது. மூன்று வளையம் என்றால் நாலு துண்டு. மைக்கும் சேர்ந்திருக்கிறது. செல்போனோடு பழகியது நாலு துண்டு ஜாக். பழைய மேசைக் கம்ப்யூட்டரில் இருப்பதோ இரண்டு தனித்தனித் துளைகள். பச்சை காதுக்கு, ரோஸ் மைக்குக்கு. செல்போன் ஹெட்செட்டைப் பச்சையில் செருகினால் பாட்டு கேட்கும், உங்கள் பேச்சு போகாது. இதற்கு லினக்ஸும் பொறுப்பில்லை, வைனும் பொறுப்பில்லை. ஒன்றை இரண்டாகப் பிரிக்கும் ஒரு சின்ன ஒயர் வாங்கினால் விஷயம் முடிந்தது.

யு.எஸ்.பி. ஹெட்செட் கதை வேறு. அதற்குள்ளேயே ஒரு குட்டி சவுண்ட் கார்டு உண்டு. செருகிய மாத்திரத்தில் கம்ப்யூட்டரில் இரண்டு கார்டு. ஹெச்.டி.எம்.ஐ. ஒயரில் மானிட்டர் மாட்டியிருந்தால் அதுவும் சேர்ந்து மூன்று. ஒலி போகிறது ஐயா, போகத்தான் செய்கிறது. ஸ்பீக்கரே இல்லாத மானிட்டருக்குப் போகிறது!

புளூடூத் ஹெட்செட்டுக்கு இன்னொரு விசித்திரம். பாட்டு கேட்கும்போது தேனாக இருக்கும். மைக்கை ஆன் செய்த நொடியில் தகர டப்பாவில் பேசுவதுபோல் ஆகிவிடும். ரிப்பேர் என்று நினைத்துவிடாதீர்கள். பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு ஒரு வழி என்று புளூடூத்தை வகுத்தவர்கள் அன்றே பிரித்துவைத்தார்கள். பாட்டு வழி அகலம், ஆனால் ஒருவழிப் பாதை. பேச்சு வழியில் இரண்டு பக்கமும் போகலாம், ஆனால் சந்து. மைக் வேண்டும் என்றதும் மொத்தமும் சந்துக்குள் திரும்புகிறது. தரம் வேண்டுமென்றால் ஒயர் ஹெட்செட்டோ, தனி மைக்கோ நல்லது.

இரண்டாவது கை, டிரைவர்.

1991-ல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் லினக்ஸை வெளியிட்டபோது அது ஊமைப் பிள்ளை. அப்போது ஊரெல்லாம் பேச்சு, சிங்கப்பூரின் கிரியேட்டிவ் கம்பெனி 1989-ல் கொண்டுவந்த சவுண்ட் பிளாஸ்டர் கார்டைப் பற்றி. அந்தக் கார்டுக்கு லினக்ஸில் ஒரு டிரைவர் எழுதினார் இன்னொரு பின்லாந்துக்காரர், ஹன்னு சவோலைனென். அதிலிருந்து வளர்ந்ததுதான் ஓ.எஸ்.எஸ். பல கார்டுகளில் அதோடு ஒரு தகராறு. ஒரு நேரத்தில் ஒரே ஒரு புரோகிராம்தான் கார்டைப் பிடிக்கலாம். ஒருவர் குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டால் மற்றவர் வெளியே காத்திருக்க வேண்டியதுதான்.

செக் நாட்டுக்காரரான யாரோஸ்லாவ் கிசெலா தன் கிராவிஸ் அல்ட்ராசவுண்ட் கார்டுக்காக ஆரம்பித்த வேலை, 1998 வாக்கில் ஆல்சா என்கிற முழுத் திட்டமானது. 2003 டிசம்பரில் வந்த லினக்ஸ் 2.6 கெர்னலில் அதுவே முறையான ஒலி ஏற்பாடு. இன்றைக்கும் எல்லா லினக்ஸிலும் அடித்தளம் அதுதான்.

இந்தத் தளத்தில் வரும் கோளாறு பெரும்பாலும் ரொம்பச் சின்னது. எங்கேயோ ஒரு குழாய் மூடியிருக்கும். டெர்மினலைத் திறந்து ஆல்சா மிக்ஸரைக் கூப்பிடுங்கள். செங்குத்தான கம்பங்கள் வரிசையாக வரும். ஏதாவது கம்பத்தின் அடியில் இரண்டு 'எம்' எழுத்து இருந்தால் அது மூடிய குழாய். அம்புக்குறியால் அங்கே போய் 'எம்' பட்டனைத் தட்டினால் திறந்துகொள்ளும். மைக் குழாய்கள் தனிப் பக்கத்தில் இருக்கும். எஃப்4 தட்டினால் அந்தப் பக்கம் வரும். எந்தக் கார்டு என்று மாற்றிப் பார்க்க எஃப்6.

மூன்றாவது கை, ஒலி நிர்வாகி.

பாடி ஜங்ஷனில் மேம்பாலம் வருவதற்கு முன் டிராஃபிக் போலீஸ் இல்லாவிட்டால் என்ன ஆகும்? அதுதான் அன்றைய லினக்ஸ் ஒலியின் நிலைமை. பாட்டு ஒரு பக்கம், இன்டர்நெட் போன் ஒரு பக்கம், எச்சரிக்கை மணி ஒரு பக்கம். எல்லாம் ஒரே கார்டுக்கு முட்டின. ஒழுங்குபடுத்த முன்பே சிலர் முயன்றிருந்தாலும், எல்லோருடைய வீட்டுக்கும் வந்து சேர்ந்தது 2004-ல் லென்னார்ட் பொட்டரிங் ஆரம்பித்த பல்ஸ் ஆடியோ. 2007 நவம்பரில் ஃபெடோரா 8, 2008 ஏப்ரலில் உபுண்டு 8.04 என்று வரிசையாக ஏற்றுக்கொண்டன. ஏற்றுக்கொண்ட கையோடு பலருக்கு இருந்த ஒலியும் போனது. மனிதர் வாங்கிய திட்டுக்கு அளவில்லை. ஆனால் அவர் செய்த காரியம் பெரியது. ஒவ்வொரு புரோகிராமுக்கும் தனி வால்யூம், பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே ஸ்பீக்கரிலிருந்து ஹெட்செட்டுக்கு மாற்றும் வசதி, எல்லாம் வந்தது.

பிறகு பெல்ஜியத்துக்காரர் விம் டேமன்ஸ் செய்த பைப்வயர். வீடியோவுக்காகத் தொடங்கி ஒலிக்கும் விரிந்தது. 2021 ஏப்ரலில் ஃபெடோரா 34, 2022 அக்டோபரில் உபுண்டு 22.10 பைப்வயருக்கு மாறின. இதில் ஒரு தந்திரம் உண்டு. பல்ஸ் ஆடியோவைக் கூப்பிடும் பழைய புரோகிராம்களுக்கு, 'நான்தான் பல்ஸ் ஆடியோ' என்று பைப்வயரே பதில் சொல்லும். அதனால் பழைய கருவிகளை இன்றும் பயன்படுத்தலாம்.

உங்களுக்கு வேண்டிய கருவி, பல்ஸ் ஆடியோ வால்யூம் கன்ட்ரோல். இலவசம்தான், நிறுவிக்கொள்ளுங்கள். முக்கியமான விஷயம்: அந்த விண்டோஸ் சாஃப்ட்வேர் ஓடி, ஒலி எழுப்பிக்கொண்டிருக்கும்போதே இதைத் திறக்க வேண்டும். அப்போதுதான் 'பிளேபேக்' பகுதியில் அதன் பெயர் தெரியும். பக்கத்திலேயே எந்தக் கார்டுக்குப் போகிறது என்றும் போட்டிருக்கும். மானிட்டர் என்று இருந்தால் ஹெட்செட்டுக்கு மாற்றுங்கள். மைக்குக்கு 'ரெக்கார்டிங்' பகுதி. அதுவும் பதிவு நடக்கும்போது மட்டுமே பெயரைக் காட்டும். புளூடூத்தின் பாட்டு வழி, பேச்சு வழி இரண்டையும் 'கான்ஃபிகரேஷன்' பகுதியில் மாற்றலாம்.

இப்போது ஒரு பரீட்சை. வைனை மூடிவிட்டு, லினக்ஸில் நேரடியாக ஓடும் பிளேயரில் ஒரு பாட்டைப் போடுங்கள். லினக்ஸின் சொந்த ரெக்கார்டரில் நாலு வார்த்தை பேசிப் பதிந்து கேளுங்கள். இரண்டும் சரியென்றால் மூன்று கைகளும் சுத்தம். துபாஷியை விசாரிக்கலாம். சரியில்லை என்றால் துபாஷி நிரபராதி. மறுபடி கீழே இறங்குங்கள்.

நாலாவது கை, வைன்.

1993-ல் பாப் ஆம்ஸ்டாட், எரிக் யங்டேல் இருவரும் ஆரம்பித்தார்கள். விண்டோஸ் 3.1 புரோகிராம்களை லினக்ஸில் ஓட்ட வேண்டும் என்பது ஆசை. 1994 முதல் பொறுப்பேற்று நடத்துபவர் அலெக்சாண்டர் ஜூலியார்ட். அன்று பிடித்த நுகத்தடியை இன்னும் இறக்கவில்லை. 1.0 என்று தைரியமாக எண் போட 2008 ஜூன் ஆகிவிட்டது. பதினைந்து வருஷம்! 'வைன் இஸ் நாட் அன் எமுலேட்டர்' என்பதன் சுருக்கம்தான் வைன் என்பார்கள். விண்டோஸ் மாதிரி வேஷம் போடும் இன்னொரு கம்ப்யூட்டரை உள்ளே உருவாக்குவதில்லை. சாஃப்ட்வேர் விண்டோஸிடம் கேட்பதை லினக்ஸிடம் மாற்றிச் சொல்கிறது. அக்மார்க் துபாஷி வேலை.

கஷ்டம் எங்கே என்றால், விண்டோஸின் ஒலி பாஷையே ஒன்றில்லை. 3.1 காலத்துக்கு ஒன்று, 1995 முதல் விளையாட்டுகளுக்கு டைரக்ட் சவுண்ட், 2007-ல் விஸ்டாவோடு வந்தது இன்னொன்று. கீழே லினக்ஸில் ஓ.எஸ்.எஸ்., ஆல்சா, பல்ஸ், பைப்வயர். மேலே மூன்று, கீழே நாலு. பாவம், ஒரே துபாஷி! 2012 மார்ச்சில் வந்த வைன் 1.4-ல் ஒலி பாகத்தையே பிரித்துப்போட்டு மறுபடி கட்டினார்கள்.

வைனில் மட்டும் ஒலி வராததற்கு அடிக்கடி காணப்படும் காரணம் ஒன்று உண்டு. பழைய விண்டோஸ் சாஃப்ட்வேர்கள் பெரும்பாலும் 32-பிட். உங்கள் லினக்ஸ் 64-பிட். 32-பிட் புரோகிராம் கேட்கும் ஒலி லைப்ரரியும் 32-பிட்டாக இருக்க வேண்டும். அது நிறுவப்படாமல் இருந்தால் பாட்டு, சினிமா எல்லாம் பேசும், வைன் மட்டும் ஊமை. பல்ஸ், ஆல்சா இரண்டின் 32-பிட் லைப்ரரிகளையும் நிறுவினால் போதும். 2024 ஜனவரியில் வந்த வைன் 9.0-ல், 32-பிட் லைப்ரரிகள் இல்லாமலே ஓட்டும் வழியைச் சோதனை முறையில் சேர்த்தார்கள்.

அடுத்து, வைனின் அமைப்புப் பலகையைத் திறந்து 'ஆடியோ' பகுதிக்குப் போங்கள். மேலே எந்த டிரைவர் என்று எழுதியிருக்கும். ஒன்றுமே இல்லை என்றால் மேலே சொன்ன லைப்ரரி சமாசாரம்தான். 'டெஸ்ட் சவுண்ட்' என்று ஒரு பட்டன் உண்டு. தட்டினால் ஒலி வர வேண்டும். அதன் கீழே நாலு பெட்டிகள். ஒலி வெளியே போக ஒன்று, பேச்சு வெளியே போக ஒன்று, ஒலி உள்ளே வர ஒன்று, பேச்சு உள்ளே வர ஒன்று. பேச்சுக்கென்று தனிப் பெட்டி இருப்பதைப் பலரும் கவனிப்பதில்லை. நாலிலும் உங்கள் ஹெட்செட்டையே தேர்ந்தெடுத்து, சாஃப்ட்வேரை மூடித் திறங்கள். ஒலி வந்தும் கரகரவென்று உடைந்தால், மற்ற புரோகிராம்களை மூடிவிட்டு, பல்ஸின் தாமத அளவை 60 மில்லிசெகண்ட் அளவுக்கு உயர்த்தி வைனை ஓட்டுவது ஒரு பழைய வைத்தியம்.

துபாஷியால் முடியாததும் உண்டு. சில ஹெட்செட்டுகளோடு விண்டோஸுக்கென்றே ஒரு சாஃப்ட்வேர் வரும். கலர் விளக்கு, சுற்றொலி என்று பலதும் காட்டும். அது நேராக விண்டோஸின் அடிவயிற்றில் போய் டிரைவராக உட்காரப் பார்க்கும். வைனில் அப்படி ஓர் இடமே கிடையாது. அதை எவ்வளவு மல்லுக்கட்டினாலும் நடக்காது. நல்லவேளையாக, பல யு.எஸ்.பி. ஹெட்செட்டுகள் அந்தச் சாஃப்ட்வேர் இல்லாமலே லினக்ஸில் பேசும், கேட்கும். பயிற்சி சாஃப்ட்வேருக்கு பிரவுசரிலேயே ஓடும் வடிவம் இருந்தால் அதைப் பிடிப்பது இன்னும் உத்தமம். துபாஷிக்கே வேலை இல்லை.

இவ்வளவு தொல்லை எதற்கு, புதுசு வாங்கிவிடலாமே என்பீர்கள். வாங்க முடிந்தவர்கள் வாங்கட்டும். உலகம் வேறு திசையிலும் போய்க்கொண்டிருக்கிறது. அமெரிக்காவின் வால்வ் கம்பெனி 2018-ல் வைனை அடிப்படையாக வைத்து புரோட்டான் என்ற ஒன்றைக் கொண்டுவந்தது. 2022 பிப்ரவரியில் கையில் பிடித்து விளையாடும் ஸ்டீம் டெக் வந்தது. உள்ளே லினக்ஸ். அதில் விளையாடுவதோ பெரும்பாலும் விண்டோஸ் விளையாட்டுகள். விளையாட்டுக்காகப் போட்ட பணத்தில் வைன் தேறியது. அந்தப் பலன் அம்பத்தூரில் உச்சரிப்புப் பழகும் பெண்ணுக்கும் இலவசமாக வந்துசேர்கிறது. எழுதியவர் எவருக்கும் அவளைத் தெரியாது. அவளுக்கும் அவர்களைத் தெரியாது.

உங்கள் பரணிலும் ஒரு பழைய லேப்டாப் இருக்கலாம். காக்களூரில் ஆரம்பித்த வரிசையில் வந்ததாகக்கூட இருக்கலாம். பழைய பேப்பர்க்காரரைக் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு சாயங்காலம் ஒதுக்குங்கள். ஒயரில் ஆரம்பித்து ஒவ்வொரு கையாக விசாரியுங்கள். யாராவது ஒருவர் மட்டும்தான் வாயை மூடிக்கொண்டிருப்பார். அவரைப் பேசவைத்துவிட்டால் போதும், இன்டர்வியூவுக்கு இன்னும் நாலு நாள் பாக்கி இருக்கும்.